வீட்டு நினைப்பு வாட்டும்போது: முதல் செமஸ்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோபி, தாராபுரம், பரமத்தி வேலூர், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஆடி, ஆவணியில் பிள்ளைகள் பெட்டி கட்டிக்கொண்டு சென்னைக்கும் திருச்சிக்கும், இன்னும் தள்ளி வாரங்கல், கரக்பூர், டெல்லி, அசாமிலுள்ள சில்சார் என்றும் படிக்கப் போகிறார்கள். போன புதிதில் வீட்டு நினைப்பு வாட்டுவது நோயும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. முகம், சாப்பாடு, பேச்சு, படுக்கிற கட்டில் எல்லாம் ஒரே நாளில் மாறினால் யாருக்கும் மனசு தவிக்கும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அது தானாகத் தணியும். தணிய விடாமல் இழுத்துக்கொண்டு போவது, பிள்ளையும் பெற்றவர்களும் பாசத்தால் செய்கிற சில காரியங்கள்தான்.

ராத்திரி பத்து மணி வீடியோ கால்

வீட்டு நினைப்பு நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது. வகுப்பு, லேப் என்று ஓடும்போது தெரியாது. கண் விழித்ததும், பொழுது சாயும்போதும், படுக்கப் போகும்போதும்தான் நெஞ்சு கனக்கும். அந்த நேரம் பார்த்து வீடியோ காலில் அம்மா முகத்தையும், பின்னால் வாசலில் கட்டியிருக்கும் மாட்டையும் பார்த்தால் அழுகை முட்டிக்கொண்டு வரும். அழுத பிள்ளைக்கும் தூக்கம் போகும், பார்த்த அம்மாவுக்கும் போகும். தூக்கம் கெட்ட உடம்பில் மறுநாள் ஏக்கம் இன்னும் கூடும்.

பேச வேண்டாம் என்று சொல்லவில்லை. நேரத்தை மாற்றுங்கள். சாயங்காலம் ஆறரை, ஏழு மணிக்குப் பதினைந்து, இருபது நிமிடம் போதும். அழைப்பு முடிந்ததும் அடுத்து ஒரு வேலை காத்திருக்க வேண்டும்: அறைத் தோழர்களோடு மெஸ்ஸுக்குப் போவது, விளையாட்டுத் திடலுக்குப் போவது, எதுவானாலும் சரி. வீடியோ காலை ஞாயிறு காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்பாரு, ஆத்தா, அமுச்சி என்று தாத்தா பாட்டிகள் எல்லோரும் அப்போது கூடியிருப்பார்கள்.

பெற்றோர் கேட்கும் கேள்வியும் முக்கியம். "ஏங்கண்ணு, மூஞ்சி வாடிக் கிடக்குது?" என்று தொடங்கினால், அதுவரை நன்றாக இருந்த பிள்ளைக்கும் கண் கலங்கும். "இன்னைக்கு மெஸ்ஸுல பக்கத்துல யாரு உக்காந்தா? லேப்புல என்ன பண்ணுனீங்க?" என்று கேளுங்கள். பதில் சொல்வதற்காகவாவது பிள்ளை தன்னைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கும்.

சில அப்பாக்கள் நேர் எதிராகப் போய், "பத்து நாளைக்கு யாரும் போன் பண்ணாதீங்க, தானா சரியாப் போயிரும்" என்று அடித்துச் சொல்லிவிடுவார்கள். இதுவும் தவறுதான். எப்போது பேசலாம் என்று தெரியாத பிள்ளை நாளெல்லாம் போனையே பார்த்துக்கொண்டிருக்கும். பேசும் நேரம் தெரிந்திருந்தால் மற்ற நேரத்தில் மனசு கொஞ்சம் அடங்கும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அப்பிச்சி (அம்மாவின் அப்பா) ஆஸ்பத்திரியில் இருப்பதையோ, வீட்டில் பணச் சிக்கல் வந்திருப்பதையோ "படிக்கிற புள்ளைக்கு எதுக்கு" என்று மறைக்கிறார்கள். ஒருநாள் சித்தி வாயால் விஷயம் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அம்மா "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் பிள்ளைக்குச் சந்தேகம் வரும். என்ன நடந்தது, யார் கூட இருக்கிறார்கள், பிள்ளை வர வேண்டுமா வேண்டாமா என்ற மூன்றையும் சுருக்கமாக, உண்மையாகச் சொல்லிவிடுவதே நல்லது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ரயில் ஏறுவது

சென்னையில் படிப்பவர்களைத்தான் இது அதிகம் பிடிக்கும். வெள்ளி இரவு சேரன் எக்ஸ்பிரஸிலோ ஏற்காடு எக்ஸ்பிரஸிலோ ஏறினால் விடிந்ததும் ஊர். ஆனால் விடுதியில் நட்பு முளைப்பது சனி, ஞாயிறில்தான். துணி துவைப்பது, கடைத்தெருவுக்குப் போவது, மேட்ச் ஆடுவது எல்லாம் அப்போதுதான் நடக்கும். வாராவாரம் ஊருக்குப் போகிறவர் திங்கட்கிழமைதோறும் புதிதாகச் சேர்ந்தவர் போலவே திரும்பி வருவார். பிரிகிற வேதனையும் வாரம் ஒருமுறை புதிதாக வரும். தொடக்கத்தில் நான்கிலிருந்து ஆறு வாரம் ஊர்ப்பக்கம் போகாமல் இருந்து பாருங்கள்.

அதற்காக, எப்போது போவோம் என்பதே தெரியாமல் இருக்கக் கூடாது. தேதி கையில் இருப்பது பெரிய ஆறுதல். ரயில் முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்பே தொடங்குகிறது. 2024 அக்டோபர் வரை அது 120 நாளாக இருந்தது. தீபாவளிக்கு வர நினைத்தால் நாள்காட்டியில் 60 நாளை எண்ணி, அன்று காலை எட்டு மணிக்கே பதிவு செய்யுங்கள். போகிற டிக்கெட்டோடு திரும்புகிற டிக்கெட்டையும் எடுத்துவிடுங்கள். தட்கலை நம்பி இருந்து, அதுவும் கிடைக்காமல் போனால் நோம்பி (பண்டிகை) அன்று வெறிச்சோடிய விடுதியில் தனியாக உட்கார நேரும். டெல்லியிலிருந்து கோவைக்கு ரயிலில் ஏறக்குறைய இரண்டு நாள். நான்கு நாள் விடுமுறையில் வீட்டுக்கு வந்து போக முடியாது என்பதைச் சேரும்போதே மனசில் போட்டு வைப்பது நல்லது.

கல்லூரியின் விடுமுறைப் பட்டியலை முதல் வாரமே வாங்குங்கள். வங்காளத்துக் கல்லூரிகளில் நீண்ட விடுமுறை பெரும்பாலும் துர்கா பூஜையை ஒட்டி வரும். தீபாவளிக்கு வகுப்பு இருக்கலாம். பட்டிப் பொங்கல் (மாட்டுப் பொங்கல்), பங்குனியில் ஈரோடு பெரிய மாரியம்மனுக்குக் கம்பம் நடுவது போன்ற நாள்களில் ஊர் வாட்ஸ்அப் குழு முழுக்கப் படமாக வந்து விழும். அந்த நாள்களை முன்கூட்டியே குறித்து, அன்று யாரோடு, எங்கே சாப்பிடுவது என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

பெட்டி நிறையப் பலகாரம்

வயிறு வாடினால் ஏக்கம் இரட்டிப்பாகும். மெஸ்ஸில் கடுகெண்ணெய் வாடை பிடிக்காமல் இரண்டு வேளை பட்டினி கிடந்துவிட்டு, 'வீட்டு ஞாபகம் தாங்கல' என்று அழுபவர்கள் உண்டு. அவர்கள் வேதனையில் பாதி பசி. வீட்டிலிருந்து கொண்டுபோவது மெஸ் சாப்பாட்டுக்குத் துணையாக இருக்கட்டும், மாற்றாக வேண்டாம். பருப்புப் பொடி, கொள்ளுப் பொடி, கறிவேப்பிலைப் பொடி ஒவ்வொன்றும் கால் கிலோ போதும். நன்றாக வறுத்து, முழுக்க ஆறிய பிறகு அரைத்து, ஈரமில்லாத டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். தேங்காய் சேர்த்த பொடி சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும், அதைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டு கிலோ முறுக்கு கொடுத்தால் பிள்ளை மெஸ்ஸுக்கே போகாமல் அறையில் இருந்து அதைத் தின்றுகொண்டிருக்கும். அரை கிலோ கொடுத்து, அறையில் இருப்பவர்களோடு பங்கு போடச் சொல்லுங்கள்.

அரிசிம்பருப்புச் சாதம் செய்து கொள்ளலாம் என்று மின் அடுப்பை மறைத்துக் கொண்டுபோவதும் வேண்டாம். பல விடுதிகளில் அதற்கு அனுமதி இல்லை. பிடிபட்டால் அபராதம், கூடவே அவமானம். சப்பாத்தி பழகாதவர்கள் ஊரில் இருக்கும்போதே இரவு உணவாக இரண்டு வாரம் சாப்பிட்டுப் பழகிக்கொள்ளலாம்.

பேச்சை மாற்றிக்கொள்வது

சென்னைக் கல்லூரியில் "ஏனுங்க", "வாங்கண்ணா" என்று பேசினால் முதல் வாரம் சிலர் சிரிப்பார்கள். அதற்காக வாயை மூடிக்கொள்வதுதான் பெரிய தவறு. பேசாதவரிடம் யாரும் பேசமாட்டார்கள், தனிமை அங்கிருந்துதான் தொடங்கும். உங்கள் பேச்சில் மரியாதை இருக்கிறது, அப்படியே பேசுங்கள்.

வடக்கே போகிறவர்கள் வேறொரு வளையத்தில் மாட்டுவார்கள். தமிழ்ப் பிள்ளைகள் நான்கு பேர் கிடைத்ததும், தூங்கி எழுவது முதல் வகுப்பு வரை அவர்களோடு மட்டுமே இருப்பார்கள். தமிழ்க் கூட்டம் வேண்டும், நோம்பிக்கு அவர்கள்தான் சொந்தம். ஆனால் ஒரு வேளைச் சாப்பாடாவது வேறு மொழிக்காரர்களோடு சாப்பிடுங்கள். விலை கேட்க, வழி கேட்க, உடம்பு சரியில்லை என்று சொல்ல முப்பது இந்தி வாக்கியங்கள் தெரிந்திருந்தால் வெளியே போகும் பயம் குறையும்.

சீக்கிரம் இருட்டுவதும் குளிரும்

யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் இது. கவுகாத்தி, சில்சார் பக்கம் டிசம்பரில் நாலரை மணிக்கே சூரியன் விழுந்துவிடும்; நம்மூரில் ஆறு மணிவரை வெளிச்சம் இருக்கும். மனசு கனக்கும் சாயங்காலம் அங்கே ஒன்றரை மணி நேரம் நீளமானது. அதனால் வகுப்பு முடிந்ததும் அறைக்குப் போய்ப் படுக்காமல் நூலகமோ உடற்பயிற்சிக் கூடமோ போக முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். வெளிச்சம் இருக்கும் நேரத்தில் அரை மணி நேரம் நடங்கள். டெல்லி ஜனவரிக் குளிருக்குச் சென்னிமலைப் போர்வை தாங்காது, அங்கே போய் ரஜாய் என்ற தடித்த பஞ்சுப் போர்வை வாங்க வேண்டும். ஆனாலும் வீட்டில் போர்த்திய பழைய போர்வை ஒன்று கூட இருக்கட்டும். புதுப் போர்வையில் கிடைக்காத வீட்டு வாசம் அதில் இருக்கும்.

முதல் மாதத்திலேயே டி.சி. வாங்குவது

ஞாயிறு இரவிலோ முதல் இன்டர்னல் மதிப்பெண் வந்த அன்றோ "படிப்பே வேண்டாம்" என்ற முடிவை எடுக்காதீர்கள். பிடிக்காதது படிப்பா, இடமா, வீட்டைப் பிரிந்ததா என்று தாளில் தனித்தனியாக எழுதுங்கள். பிரிவு மட்டும்தான் காரணம் என்றால் முதல் செமஸ்டர் முடியும்வரை பொறுங்கள்.

ராகிங் காரணம் என்றால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம்: 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

வீட்டு நினைப்பில் வாடும் பிள்ளை, நண்பர்களோடு விளையாடும்போது சிரிக்கும். ஊருக்கு வந்தால் தெளியும். எதிலும் சிரிப்பு வரவில்லை, ஊருக்கு வந்தும் தெளியவில்லை, இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் இல்லை, வகுப்புக்கே போகவில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். கல்லூரி ஆலோசகரையோ மருத்துவரையோ பார்க்க வேண்டும். 14416 என்ற டெலிமனாஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் போலிருக்கிறது என்று பிள்ளை ஒரு வார்த்தை சொன்னாலும் அறிவுரை சொல்லிக்கொண்டிருக்காமல், உடனே வார்டனை அழைத்து யாரையாவது பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, அடுத்த வண்டியில் கிளம்புங்கள்.