இரும்புக் குளிசையும் பிளேன்ரீயும்

கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையை ஒழுங்காக விழுங்கியும் சில கர்ப்பிணிகளுக்கு இரத்தம் ஏறாது. வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது பிளேன்ரீயை, அதாவது பால் விடாத தேநீரை. மட்டக்களப்புப் பக்கம் சாப்பிட்டுக் கை கழுவியதும் சாயம் இறங்கிய ஒரு கோப்பை குடிக்காமல் பலருக்கு முடியாது. அந்தச் சாயத்திலுள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. தேநீரை அடியோடு விடச் சொல்லவில்லை. குளிசைக்கும் சாப்பாட்டுக்கும் ஒன்று, இரண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், அவ்வளவுதான். கல்சியம் குளிசையும் அப்படித்தான்: ஒன்று காலையில் என்றால் மற்றது இரவில். எருமைத் தயிர் நல்லது, ஆனால் இரும்புக் குளிசை போடும் வேளையில் வேண்டாம்.

விட்டமின் சி இதற்கு நேர்மாறு, இரும்பை உள்ளே சேர்க்கும். தேசிக்காய்த் தண்ணீர், கொய்யாப்பழம் போதும். முருங்கையிலைச் சுண்டலை அடுப்பால் இறக்கிய பிறகு தேசிப்புளி விடுங்கள். கொதிக்கும்போது விட்டால் கைக்கும், விட்டமினும் குறையும்.

மலம் கறுப்பாகப் போவது குளிசையால்தான், பயம் வேண்டாம். வயிற்றைப் புரட்டினால் குளிசையை அலுமாரியில் ஒளித்து வைக்காமல் மிட்வைஃபிடம் சொல்லுங்கள்.

மீனில் சூடை, கீரி நன்றாகச் சாப்பிடலாம். சுறா வேண்டாம், அதில் பாதரசம் அதிகம். பால் சுரக்க என்று சுறாப்புட்டு அவிப்பார்கள். பாலூட்டும்போதும் அதைத் தவிர்ப்பதே நல்லது. மாமிமாரிடம் மட்டும் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள்.