கீழ்ப்பிரிவு ஸ்பீட்வே ரைடரை பிரீமியர்ஷிப்புக்குத் தயார்செய்வது எப்படி

பிரிட்டிஷ் ஸ்பீட்வேயில் (மண் டிராக்கில் பிரேக் இல்லாத பைக்குகளில் ஓட்டும் அணிப் பந்தயம்) மூன்று படிகள்: மேலே பிரீமியர்ஷிப், நடுவில் சாம்பியன்ஷிப், அடியில் நேஷனல் டெவலப்மென்ட் லீக். 125 சிசி, 250 சிசி பைக்குகளில் வளர்ந்த பையன் 15 வயது நிரம்பியதும் அடிப்படியில் 500 சிசி பைக்கில் அணிக்காக ஓட்டலாம். அங்கிருந்து மேலே போனவர்களில் பலர் ஒரே சீசனில் திரும்பி வந்துவிடுகிறார்கள். ஒரு படியில் கற்க வேண்டியதைக் கற்று முடிக்குமுன் அடுத்த படியில் ஏற்றிவிடுவதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். பிரிட்டிஷ் ரைடர் தை வொஃபிண்டன் 2006இல் ஸ்கன்தார்ப் அணிக்காக மூன்றாம் பிரிவில் ஓட்டினார். 2007இல் இரண்டாம் பிரிவின் ரை ஹவுஸுக்குப் போனார், பிறகு வுல்வர்ஹாம்ப்டன். முதல் உலகப் பட்டம் 2013இல்தான் வந்தது. அவ்வளவு திறமைக்கே அத்தனை ஆண்டுகள் பிடித்தன.

முதலில் சராசரியைப் பிரித்துப் பாருங்கள். மொத்தப் புள்ளிகளோடு போனஸைச் சேர்த்து, ஓட்டிய ஹீட்டுகளால் (ஒரு போட்டிக்குள் நடக்கும் தனித்தனி ஓட்டங்கள்) வகுத்து, 4ஆல் பெருக்கினால் சராசரி. தன் அணிக்காரருக்கு நேர் பின்னால், எதிரணியில் ஒருவருக்காவது முன்னால் முடித்தால் போனஸ் 1. ஒரு ரைடர் 24 ஹீட்டில் 42 எடுத்திருந்தால் சராசரி 7. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் சொந்த டிராக்கில் 12 ஹீட்டுக்கு 27, வெளியூரில் 12 ஹீட்டுக்கு 15 என்றால், அவர் வீட்டில் 9, வெளியே 5. பிரீமியர்ஷிப்புக்குப் போனால் எல்லா டிராக்கும் அவருக்கு வெளியூர்தான். ஆகவே வெளியூர்ச் சராசரி 6.5ஐத் தாண்டும்வரை மேலே அனுப்பும் பேச்சை எடுக்காதீர்கள். இது விதியில் உள்ள எண் இல்லை, நாங்கள் வைத்துக்கொள்ளும் அளவு.

அடுத்தது ஸ்டார்ட். இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். நான்கு சுற்று மட்டுமே ஓடும் ஹீட்டில் முதல் வளைவை முதலில் அடைபவருக்கே பாதி வேலை முடிந்துவிடுகிறது. கீழ்ப்பிரிவில் பின்தங்கினாலும் எதிராளியின் தவறைப் பிடித்து முந்திவிடலாம். மேலே அந்தத் தவறுகள் கிடைப்பதில்லை.

ஸ்டார்ட் கோட்டில் தனக்குரிய இடமான கேட்டுக்கு வந்ததும் பின்சக்கரம் நிற்கப்போகும் இடத்தில் உதிரி மண்ணைக் காலால் ஒதுக்கி, இறுகிய அடித்தளம் தெரியும்படி செய்ய வேண்டும். உடம்பு முன்னால், முழங்கைகள் உயர்ந்து. எஞ்சின் சுழற்சி ஏறி இறங்காமல் ஒரே சீராக இருக்க வேண்டும். கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் புள்ளிக்கு ஒரு மயிரிழை முன்புவரை லீவரை விட்டு வைத்திருக்க வேண்டும். கண் முன்னால் குறுக்கே கட்டிய ஸ்டார்ட் டேப்பில் மட்டும், பக்கத்து ரைடர் மேல் போகக் கூடாது. டேப் எழுந்ததும் லீவரை ஒரேயடியாக விட்டுவிடாமல், முதல் ஓரிரு மீட்டருக்குச் சற்றே வழுக்கவிட்டு விடுவிக்க வேண்டும்.

முன்சக்கரம் தூக்கினால் உடம்பு பின்னால் இருக்கிறது. பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றால் எடை அளவுக்கு மீறி முன்னால் போயிருக்கிறது, அல்லது உதிரி மண் சரியாக ஒதுக்கப்படவில்லை. மூன்றாவது கோளாறு இளம் ரைடர்களுக்குப் புரியாதது: லீவர் கையில் இருக்கும்போதே பைக் மெல்ல டேப்பை நோக்கி நகரும். அடுத்தடுத்து ஹீட் ஓட்டியதில் கிளட்ச் பிளேட்டுகள் சூடேறி விரிந்து, பிடிக்கும் புள்ளி இடம் மாறிவிட்டது என்று பொருள். டேப்பைத் தொட்டால் விலக்கப்படலாம், அல்லது 15 மீட்டர் பின்னாலிருந்து கிளம்ப நேரிடும். பைக்கைத் தயார்செய்யும் இடமான பிட்ஸில் ஒவ்வொரு ஹீட்டுக்கும் முன் லீவரின் தளர்வைச் சரிபார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். கேட்டில் கிளட்சைப் பாதி பிடித்தபடி அதிக நேரம் நிற்கவும் விடாதீர்கள். பயிற்சியின்போது 6 ஸ்டார்ட் எடுத்ததும் கிளட்ச் ஆற இடைவெளி கொடுங்கள். சூடான கிளட்சில் பழகினால் கை தவறான புள்ளியைக் கற்றுக்கொள்ளும்.

அடுத்து கியரிங், அதாவது பல்சக்கரத் தேர்வு. எடின்பரோ அணியின் ஆர்மடேல் டிராக்கின் ஒரு சுற்று சுமார் 260 மீட்டர், ஷெஃபீல்டின் ஓவ்லர்டன் சுமார் 360. ஒரே பல்சக்கரம் இரண்டுக்கும் சரிவராது. பின்பல்சக்கரத்தில் பல் கூடினால் கிளம்பும் வேகம் கூடும், நேர்ப்பாதையில் எஞ்சின் சீக்கிரம் உச்சத்தைத் தொட்டுவிடும். மண் ஆழமாகவும் பிடிப்பாகவும் இருந்தால் பல் கூட்டுங்கள். டிராக் காய்ந்து வழுக்கினால் குறையுங்கள், சக்கரம் வீணாகச் சுழல்வது குறையும். ரைடர் ஒரு நோட்டு வைத்து, ஒவ்வொரு டிராக்கிலும் எத்தனை பல், எந்தக் கேட், மண் எப்படி, என்ன நடந்தது என்று ஹீட் முடிந்த கையோடு எழுத வேண்டும். மெக்கானிக்கே எல்லாம் மாற்றித் தருகிற பையனுக்கு மேலே போனதும் என்ன கேட்பதென்றே தெரியாது.

கையில் காசு இருக்கிறதென்று மேல்பிரிவுக்காரர்கள் ஓட்டும் முரட்டு எஞ்சினை இந்தக் கட்டத்தில் வாங்கித் தராதீர்கள். சீராகச் சக்தி தரும் எஞ்சினில்தான் த்ராட்டில் கட்டுப்பாடு வரும். அது இல்லாதவர் வளைவில் டயர் திடீரெனப் பிடிப்பைக் கண்டு பைக் நிமிரும்போது, பயத்தில் த்ராட்டிலை முழுக்க மூடிவிடுவார். சறுக்கிக்கொண்டிருந்த பின்சக்கரம் சட்டென்று கவ்வும், ரைடர் பைக்கின் மேலாகத் தூக்கியெறியப்படுவார். பிரேக் இல்லாத பைக்கில் சறுக்கலை ஆள்வது த்ராட்டில்தான். போட்டி முடிந்தபின் நடக்கும் ஜூனியர் ஹீட்டுகள் இதைப் பழக நல்ல இடம், டிராக் குழிவிழுந்து கரடுமுரடாக இருக்கும்.

மேலே ஏற்றும்போது, அணியில் சராசரி குறைந்தவர்களுக்கான ரிசர்வ் இடத்தில் ஏற்றுங்கள். 15 ஹீட் கொண்ட போட்டியில் 2ஆம் ஹீட் நான்கு ரிசர்வ்களுக்கு உரியது. புதியவருக்குத் தன் தரத்து எதிராளிகள் அங்கே கிடைக்கிறார்கள். 2014இல் அப்போதைய மேல்பிரிவான எலைட் லீக் இரு ரிசர்வ் இடங்களையும் பிரிட்டிஷ் ரைடர்களுக்கு ஒதுக்கியதும், பிற்பாடு பிரீமியர்ஷிப்பில் வளரும் ரைடருக்கென வந்த ரைசிங் ஸ்டார் இடமும் இந்த எண்ணத்தில் பிறந்தவையே. விதிகளும், ஒரு பிரிவின் சராசரியை இன்னொரு பிரிவுக்கு மாற்றும் கணக்கும் சீசனுக்குச் சீசன் மாறும். கிளப்புகளின் குளிர்காலக் கூட்டத்தின் முடிவைப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

சாம்பியன்ஷிப் இடத்தை விடாமலே மேலேயும் ஓட்டுவது நல்ல வழி. மேலே 0, 1 என்று எடுத்து நொந்த ரைடர் கீழே வந்து ஜெயித்தால் மனம் மீளும். ஆனால் உடம்பையும் கணக்கில் வையுங்கள். பிரீமியர்ஷிப் பெரும்பாலும் திங்கள், வியாழன். அதோடு சாம்பியன்ஷிப்பில் வெள்ளி இரவு கிளாஸ்கோ, சனி பெரிக் என்று சேர்ந்தால், நடுவில் மணிக்கணக்கில் வேன் பயணம், பைக் கழுவல், ஆயில் மாற்றம். அந்த வாரத்தில் வேனை ரைடரே ஓட்டக் கூடாது.

மேலே முதல் 6 போட்டிகளில் புள்ளியைப் பார்க்காதீர்கள். முதல் வளைவில் எத்தனையாவதாக நுழைந்தார் என்று எழுதி வாருங்கள். அது முன்னேறினால் புள்ளி பின்னால் வரும். அது நகரவே இல்லை என்றால் ஆறு வாரம் கீழே மட்டும் ஓட்டவிட்டு, ஸ்டார்ட்டைத் திரும்பப் பழக்குங்கள்.

இரு கிளப்புகளுக்கிடையே பேசும்போது மூன்றை எழுத்தில் வாங்கிவிடுங்கள்: தேதிகள் மோதினால் யாருக்கு முதலுரிமை, எஞ்சின் சர்வீஸ் செலவில் யாருக்கு எவ்வளவு, காயம்பட்டால் திரும்ப ஓட்டலாம் என்று யார் சொல்ல வேண்டும். கடைசிக் கேள்விக்கு விடை மருத்துவராக இருக்கட்டும், இரு மேலாளர்களில் ஒருவராக வேண்டாம்.