பொள்ளாச்சி மாட்டைப் பாலக்காட்டுக்குக் கொண்டுபோக: ஹெல்த் சர்டிபிகேட் வாங்கும் முறை

என் சித்தப்பா மகள் வாக்கப்பட்டுப் போனது சித்தூருக்கு. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், ஆந்திராவில் இருப்பது அல்ல. பொள்ளாச்சியிலிருந்து கூப்பிடு தூரம்தான். கல்யாணச் சீரை காரில் ஏற்றிக்கொண்டு போனபோது எல்லையில் யாரும் ஏனென்று கேட்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவள் வீட்டுக்கு ஒரு ஜெர்சி கலப்பின மாட்டை ஏற்றிக்கொண்டு போனபோதுதான் மாநில எல்லை என்று ஒன்று இருப்பதே உறைத்தது. அன்று மூன்று மணி நேரம் ரோட்டோரம் நின்றேன். அதற்குப் பிறகு நாலைந்து முறை போய்விட்டேன். முதல் தடவை கொண்டுபோகிறவர்களுக்காக, செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், அந்தத் தாளில் என்ன இருக்கிறது?

மாட்டை ரயிலிலோ லாரியிலோ ஏற்ற வேண்டுமானால் கால்நடை மருத்துவர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் கூடவே போக வேண்டும். விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கான 1978-ஆம் ஆண்டு மத்திய விதிகள் அப்படிச் சொல்கின்றன. படிவத்தின் மாதிரியும் அந்த விதிகளிலேயே இருக்கிறது. ஒரே பக்கம்தான்: எத்தனை மாடு, ஆணா பெண்ணா, வயது, அடையாளம், எங்கிருந்து எங்கே, எந்த வழி.

அதில் கவனமாகப் படிக்க வேண்டிய வரிகள் இரண்டு. புறப்படுவதற்கு முந்தைய 12 மணி நேரத்துக்குள் மாட்டைப் பரிசோதித்தேன் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். எந்தத் தடுப்பூசி, எந்தத் தேதியில் போடப்பட்டது என்றும் எழுத வேண்டும். முதல் வரி புறப்படும் நாள் வேலை. இரண்டாவது வரிக்கு ஒரு மாதம் முன்பே வேலை தொடங்கியிருக்க வேண்டும். நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது வரியில்தான்.

(வெக்கை நோய்க்கு ஊசி போட்டாயிற்றா என்றும் அந்தப் பழைய படிவம் கேட்கும். அந்த நோய் 2011-இல் உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டதாக அறிவித்தாயிற்று. படிவத்துக்குத்தான் இன்னும் சேதி போகவில்லை. பயப்படாதீர்கள், டாக்டருக்குத் தெரியும்.)

படி 1: காதைப் பாருங்கள் (ஒரு மாதம் முன்பு)

மாட்டின் காதில் மஞ்சள் தோடு இருக்கும், 12 இலக்க எண்ணோடு. தடுப்பூசிக் கணக்கு, கன்று போட்ட கணக்கு எல்லாம் அந்த எண்ணில்தான் ஏறியிருக்கும். தோடு அறுந்து விழுந்திருந்தால் இப்போதே மாட்டாஸ்பத்திரியில் சொல்லிப் புதுசு போட்டுப் பதிவும் செய்துவிடுங்கள். புறப்படும் நாள் காலையில் காது குத்தி, ரத்தம் காயாமல் வண்டி ஏற்றுவது மாட்டுக்கும் பாவம், பார்க்கிறவர்களுக்கும் சந்தேகம்.

படி 2: ஊசிக் கணக்கு

முக்கியமானது கோமாரி, வாயிலும் குளம்பிலும் புண் வைக்கும் தொற்றுநோய். 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகவே போடுகிறார்கள். ஊருக்கு ஊசி வந்த அன்று நீங்கள் இல்லையென்றால் உங்கள் மாடு விடுபட்டிருக்கும். போட்டிருந்தும் பதிவில் ஏறாமல் இருப்பதும் உண்டு, அதையும் கேட்டுப் பாருங்கள்.

ஊசி போட்டதும் எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது, இரண்டு மூன்று வாரம் ஆகும். நாளைக்கு வண்டி, இன்றைக்கு ஊசி என்று போய் நிற்காதீர்கள். ஊசி போட்ட ஓரிரு நாளில் லேசாகக் காய்ச்சல் அடித்துப் பால் குறையலாம். அந்தச் சூட்டோடு மாடு நின்றால் எந்த டாக்டரும் பயணத்துக்குத் தகுதி என்று எழுத மாட்டார். தோல் கழலை நோய்க்கான (உடம்பெல்லாம் கட்டி கட்டியாக எழும்பும் நோய்) ஊசியும் போட்டிருந்தால் அந்தத் தேதியையும் குறித்து வையுங்கள்.

படி 3: போகிற ஊரில் ஒரு போன்

2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி, நோய் பரவும் இடத்தைக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்து மாடு நடமாட்டத்தை நிறுத்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. 2022-இல் தோல் கழலை நோய் குஜராத், ராஜஸ்தான் பக்கம் மாடுகளை வாரிக்கொண்டு போனபோது பல இடங்களில் சந்தையையே மூடினார்கள். அப்படி ஒரு நேரத்தில் உங்கள் கையில் எவ்வளவு நல்ல சான்றிதழ் இருந்தாலும் வண்டி நகராது. மாடு போய்ச் சேரும் ஊர் கால்நடை மருத்துவமனையில், இப்போது தடை ஏதும் உண்டா, வேறு காகிதம் கேட்கிறார்களா என்று உறவுக்காரரை விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

படி 4: யார் கையெழுத்து?

பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் மட்டும்தான். ஊருக்குள் சினை ஊசி போட வருபவர், கால்நடை ஆய்வாளர், மருந்துக் கடைக்காரர் யாரும் தர முடியாது. உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்து உதவி மருத்துவரை இரண்டு நாள் முன்பே போய்ப் பாருங்கள். அவர் காலையில் எத்தனை மணிக்கு வருவார், அன்று முகாம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வண்டி நேரத்தைப் பேசுங்கள். வண்டியை முதலில் பேசிவிட்டு டாக்டரை அவசரப்படுத்துவது நம் ஊர் வழக்கம். 1962 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் வருவது சிகிச்சை வண்டி, அதை இதற்குக் கூப்பிடாதீர்கள்.

மாடு கன்று போட்டு மூன்று நாள் ஆகவில்லையென்றாலோ, வழியில் ஈனும் போல இருந்தாலோ ஏற்றவே கூடாது. நொண்டும் மாடு, கண் தெரியாத மாடு, எலும்பும் தோலுமான மாட்டுக்கும் அதே விதிதான். கெஞ்சிப் பயனில்லை.

படி 5: பரிசோதனை

மாட்டைக் கூட்டிக்கொண்டு போங்கள். மாட்டைப் பார்க்காமலே எழுதித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தத் தாள் வேண்டாம். எல்லையில் மாடு மூக்கு ஒழுகி நின்றால் பதில் சொல்லப்போவது நீங்கள்.

எங்கள் டாக்டர் செய்வதைச் சொல்கிறேன். முதலில் பத்தடி தள்ளி நின்று மாட்டை நடக்கவிட்டுப் பார்ப்பார். பிறகு வாலைத் தூக்கி தெர்மாமீட்டரை உள்ளே வைத்து, வாலைப் பிடித்தபடியே என்னிடம் ஊர்க்கதை பேசுவார். 101-லிருந்து 102 டிகிரி சொச்சம் இருந்தால் சரி. இடது வயிற்றுப் பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்து, உள்ளே வயிறு புரள்வதை எண்ணுவார். வாயைப் பிளந்து ஈறையும் நாக்கையும் பார்ப்பார், பிறகு குளம்புப் பிளவைப் பார்ப்பார். கோமாரிப் புண் இருந்தால் இந்த இரண்டு இடத்திலும் காட்டிக்கொடுத்துவிடும். கழுத்திலிருந்து தொடை வரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போவார், கழலைக்காக. கடைசியில் மடியை நாலு காம்பும் பீய்ச்சிப் பார்ப்பார். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம். கொம்பைப் பிடிக்க ஒரு ஆளைக் கூட்டிப் போங்கள்.

படி 6: தாளை வாங்கியதும் மடித்து வைக்காதீர்கள்

நான் மூன்று மணி நேரம் நின்ற கதை இதுதான். காதுத் தோட்டில் சாணி அப்பியிருந்தது. அதைக் கழுவச் சோம்பல்பட்டு, பழைய போட்டோ ஒன்றைப் பார்த்து நானே எண்ணைச் சொன்னேன். டாக்டர் எழுதினார். சோதனைச் சாவடியில் ஒருவர் டார்ச் அடித்துத் தோட்டை வாசித்தார். ஒன்பதாவது இலக்கம் தாளில் 3, காதில் 8. அந்தத் தாளின்படி என் வண்டியில் நின்றது வேறு யாருடைய மாடோ. திருத்திய சான்றிதழை வாங்கி என் தம்பி பைக்கில் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் மாட்டுக்கு மடி கட்டி, பால் தானாகச் சொட்டத் தொடங்கிவிட்டது.

ஆகவே ஈரத்துணியால் தோட்டைத் துடையுங்கள். ஒருவர் காதைப் பார்த்து வாசிக்க, இன்னொருவர் தாளில் விரல் வைத்துச் சரிபாருங்கள். நிறம், கொம்பு, நெற்றிச் சுட்டி, ஊசித் தேதி, பரிசோதித்த நேரம், வழி, டாக்டரின் முத்திரை, பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். இரண்டு நகல் எடுத்து, அசலை வண்டியில் வருபவர் கையில் கொடுங்கள். வாங்கிய ரசீதோ விற்ற ரசீதோ கூட இருக்கட்டும். கறவைக்குப் போகும் மாடு என்று வாயால் சொல்வதை வழியில் எல்லாரும் நம்பிவிட மாட்டார்கள்.

படி 7: வண்டி

ஒரு மாட்டுக்குக் குறைந்தது இரண்டு சதுர மீட்டர் இடம் வேண்டும். குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் ஒரு மாடு தாராளமாக நிற்கும். "இன்னொண்ணும் ஏத்திக்கலாமுங்க" என்பார் டிரைவர், தலையாட்டாதீர்கள். பெரிய லாரியானாலும் ஆறு மாட்டுக்கு மேல் கூடாது, வேறு சரக்கும் கூடாது. கூட ஒரு ஆள் வர வேண்டும். வழுக்காமல் இருக்கக் கீழே நார்ப்பாய் போடச் சொல்கிறது விதி. பொள்ளாச்சிக்காரனுக்கு நார் கிடைக்காதா என்ன! முகம் இன்ஜின் பக்கம் பார்க்க நிறுத்துங்கள். பால் கறந்து, தண்ணீர் காட்டி, வெயில் ஏறுமுன் கிளம்புங்கள்.

படி 8: எல்லையில்

கோபாலபுரமோ மீனாட்சிபுரமோ வாளையாரோ, போகிற வழியைப் பொறுத்து. நீங்களாகவே வண்டியை ஓரம் கட்டி, தாளை எடுத்துக்கொண்டு இறங்கிப் போங்கள். தோட்டையும் தாளையும் ஒப்பிடுவார்கள், மாட்டை ஒரு சுற்றுப் பார்ப்பார்கள். கட்டணம் கேட்டால் கட்டி ரசீது வாங்குங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு டீ குடிக்கும் நேரம்தான்.

போய்ச் சேர்ந்த பின்

மூன்று வாரம் மற்ற மாடுகளோடு கட்டாமல் தனியாகக் கட்டச் சொல்லுங்கள், தண்ணீர்த் தொட்டியும் தனியாக. அந்த ஊர் மருத்துவமனையில் தோட்டு எண்ணைக் கொடுத்து உரிமையாளர் பெயரை மாற்றிக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் அடுத்த கோமாரி ஊசிக்கு உங்கள் வீட்டில் வந்து மாட்டைத் தேடுவார்கள். புது இடம், புதுத் தீவனம், புதுக் கை. முதல் மூன்று நாலு நாள் பால் குறையத்தான் செய்யும். என் தங்கை இரண்டாம் நாளே போன் போட்டு, "அண்ணா, எட்டு லிட்டர்னு சொல்லி ஏமாத்திட்டீங்க" என்றாள். ஒரு வாரம் கழித்து அவள் போனே போடவில்லை.