ஃபின்னிஷில் பனி பெய்கிறது என்று சொல்ல

'லுமி' (பனி) என்ற சொல்லை எழுவாயாக்காதீர்கள். 'சதா' என்ற வினையில் தொடங்கி, என்ன பெய்கிறதோ அதை அடுத்து வையுங்கள்: 'சதா லுன்த', பனி பெய்கிறது. 'சதா'வின் 'த'வை 'தலை'யில் வருவதுபோல் வல்லினமாக ஒலியுங்கள்.

இந்த வாக்கியத்தில் எழுவாயே கிடையாது. பெய்வது பகுதிப்பொருள் வேற்றுமைக்கு (ஒன்றில் வரையறுக்காத ஓர் அளவைக் குறிக்கும் வேற்றுமை) போய்விடும். லுமி, லுன்த ஆவது அதனால்தான். நம் 'பெய்' போலவே இந்த ஒரே வினை எல்லாவற்றுக்கும் உதவும்: மழைக்கு 'வெத்தா', பனியும் மழையும் கலந்து விழுவதற்கு 'ரன்தா'. நேற்றுப் பெய்ததென்றால் 'சதோய் லுன்த'. எதிர்மறையில் மட்டும் கவனம்: 'எய் சத லுன்த' என்னும்போது வினையின் 'த' 'கதை'யில் வருவதுபோல் மெலிந்துவிடும். (வல்லினத் 'த'வோடு 'சத' என்றால் நூறு. நம் சதம், சதவீதத்தின் தூரத்துச் சொந்தம் அது.)

வெறும் 'சதா' என்றால் பெரும்பாலும் மழை என்றே எடுத்துக்கொள்வார்கள், ஆகவே குளிர்காலத்தில் லுன்தவை விடாதீர்கள்.

தரையில் ஏற்கெனவே கிடக்கும் பனிக்கு இது பொருந்தாது. அதற்கு 'மாஸ்ஸ ஒன் லுன்த'. காற்றோடு சுழன்றடிக்கும் பனிக்குத் தனி வினையே இருக்கிறது: 'பியுருத்தா'.