அப்போஸ்டில் முத்திரை ஜெர்மனியில் செல்லவில்லை

ஜெர்மனியில் திருமணப் பதிவுக்கு நான் கொடுத்த கோப்பு இரண்டு முறை திரும்பி வந்தது. பிறப்புச் சான்றிதழில் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று பிற நாடுகளுக்குச் சான்றளிப்பது) இருந்தும் "சான்றளிக்கப்படவில்லை" என்றே எழுதியிருந்தார்கள். முத்திரை பழையதாகிவிட்டது என்று நினைத்து, சென்னையில் புதிய நகல் எடுத்து மறுபடியும் முத்திரை வாங்கினேன். அதுவும் வீண்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. இந்தியா 2004இல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. ஆகவே இரு நாடுகளுக்கும் இடையே அந்த முத்திரைக்கு மதிப்பே இல்லை! பணம் வாங்கிக்கொண்டு முத்திரை பெற்றுத் தரும் முகவர்கள் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்து, திருமணத்துக்குச் சட்டத் தடை இல்லை என்று சொந்த நாடு தரும் திருமணத் தகுதிச் சான்றிதழ் கேட்டு இந்தியத் தூதரகத்துக்கு அலைந்தேன். ஜெர்மானியச் சட்டம் கேட்கும் வடிவில் அதை இந்தியா வழங்குவதில்லை.

வேலை முடிந்த வழி இதுதான்: முத்திரைக்குப் பதிலாக, ஜெர்மானியத் தூதரகம் மூலம் ஆவணச் சரிபார்ப்பு நடக்க வேண்டும்; அதற்கு நாம் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. ஜெர்மனியிலுள்ள திருமணப் பதிவு அலுவலகமே இந்தியாவிலுள்ள ஜெர்மானியத் தூதரகத்துக்கு எழுத வேண்டும்; செலவு மட்டும் நம்முடையது. ஊரில் நேரில் விசாரிப்பார்கள் என்பதால், வீட்டில் அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். சான்றிதழில் 'ஆர்' என்ற தலைப்பெழுத்தும் பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயரும் இருப்பதற்கு ஒரு விளக்கக் கடிதமும் இணைத்தேன்.

சரிபார்ப்பு அறிக்கை வந்த பிறகு, அதே அலுவலகம் வழியாக, தகுதிச் சான்றிதழிலிருந்து விலக்குக் கேட்டு மாநில மேல் நீதிமன்றத் தலைவருக்கு விண்ணப்பித்தேன். கிடைத்தது, பெரிய நிம்மதி. விலக்கு 6 மாதமே செல்லும். அன்றே திருமணத் தேதியைப் பதிவு செய்துவிட்டோம்.