தேயிலை வாது கீறின வேனுக்குக் கட் பொலிஷ்

இடப்பக்கக் கதவைப் பார்த்தே வண்டி எந்த மாதிரி ரோட்டில் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். தோட்ட ரோட்டில் எதிரே கொழுந்து லொறி வந்தால் நாமதான் ஒதுங்கணும். ஒதுங்குகிற பக்கம் மண்திட்டு, அதன் மேல் தேயிலை. கவ்வாத்து வெட்டி ரெண்டு மாசம் ஆன மலையென்றால் வெட்டின கிளை, அதாவது வாதெல்லாம் ஆணி மாதிரி ரோட்டைப் பார்த்து நிற்கும். முன் கதவிலிருந்து பின் லைட் வரைக்கும் ஒரே இழுவையில் நாலைந்து கோடு. ஹட்டனில் என் பட்டறைக்கு வருகிற வேன்கள் பெரும்பாலும் இந்தக் கோட்டோடுதான் வரும்.

“அண்ணே, கட் பொலிஷ் போட்டா போயிருமா?” என்று கேட்பார்கள். கட் பொலிஷ் என்றால் அரைக்கிற பசையால் பெயின்ட் மேலைத் தேய்த்து மினுக்குவது. கழுவாமல் நான் பதில் சொல்வதில்லை. பார்க்கிற கோட்டில் பாதி கீறலே கிடையாது. மரப்பட்டையின் சாயமும் பாசியும் பெயின்ட் மேல் ஒட்டின கறை. ரெண்டு வாளி எடுங்க. ஒன்றில் ஷாம்பு, மற்றதில் துணி அலசத் தண்ணி. மண்ணோடு சேர்த்துத் தேய்த்தால் ஒரு கீறலை எடுக்கப் போய் நூறு கீறல் போடுவீங்க. ஒரு சர்வீஸ் ஸ்டேசனில் சேறு துடைத்த துணியாலேயே என் சொந்தக் காரையும் துடைத்துத் தந்தார்கள். வெயிலில் நிறுத்தினால் பொனட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரிக் கீறல். அதை எடுக்க எனக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

காய்ந்த பிறகு நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெதுவாக இழுத்துப் பாருங்க. வழுக்கிக்கொண்டு போனால் பொலிஷிலேயே போகும். லேசாகத் தட்டினால் வோட்டர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள் வேணும். நகம் மாட்டி நின்றால், உள்ளே பிரைமரோ (பெயின்டுக்கு அடியில் அடிக்கிற பூச்சு) தகரமோ தெரிந்தால், பொலிஷ் மெஷினை எடுக்கவே வேண்டாம். கீறலை நாம் நிரப்புவதில்லை. சுற்றியிருக்கிற கிளியரை, அதாவது நிறத்துக்கு மேல் அடித்திருக்கிற நிறமில்லாத பூச்சைக் கீறலின் அடிமட்டம் வரைக்கும் தேய்த்து இறக்குகிறோம், அவ்வளவுதான். அந்தக் கிளியரே பெரும்பாலும் 40, 50 மைக்ரோன், தலைமயிரை விட மெல்லிசு. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். குளிரடித்தாலும் வெயிலில் புற ஊதாக் கதிர் கொழும்பை விடக் கூட. அதைத் தாங்குவதும் இதே கிளியர்தான். அதனால் கோடு முக்கால்வாசி மறைந்தால் மிச்சத்தை விட்டுவிடுவேன். வண்டிக்காரருக்குத்தான் மனசு ஆறாது.

பழைய வெள்ளை டொல்பின் (டொயோட்டா ஹையேஸ்) வேன்களில் கவனம். 2020 மார்ச்சிலிருந்து சில வருசம் வண்டி இறக்குமதியை நிறுத்தி வைத்ததில் பழைய வண்டி விலையெல்லாம் ஏறி, இதுகளுக்கு இன்னும் ஓய்வு கிடைத்தபாடில்லை. பலவற்றில் கிளியரே இல்லை, வெறும் பெயின்ட்தான். கண்ணில் படாத மூலையில் கொஞ்சம் கொம்பவுண்ட் (அந்த அரைக்கிற பசை) வைத்துத் தேய்த்துத் துணியைப் பாருங்க. வண்டியின் நிறம் துணியில் ஏறினால் கிளியர் இல்லை. வெள்ளை வண்டிக்குக் கறுப்புத் துணி எடுக்கணும், இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாது.

2000 நம்பர் வோட்டர் பேப்பரைக் கால் மணித்தியாலம் ஊறப் போடுங்க, தண்ணியில் ரெண்டு சொட்டு ஷாம்பு விட்டு. விரலால் அழுத்தினால் விரல் தடம் பள்ளமாக விழும். ரப்பர் கட்டையில் சுற்றிப் பிடியுங்க. நான் வைத்திருப்பது பழைய பாட்டா செருப்பில் வெட்டின துண்டு. கீறலுக்குச் சற்றுக் குறுக்காக, கையின் பாரம் மட்டும் போதும். முதலில் கரகரவென்று பிடிக்கும், பிறகு வழுக்க ஆரம்பிக்கும். பால் மாதிரித் தண்ணி வழியும். அது கிளியர். அந்தப் பாலில் வண்டியின் நிறம் கலந்தால் அந்த நொடியே கையை எடுத்துருங்க. வெள்ளை வண்டியில் இந்த அடையாளமும் கிடையாது. பத்து இழுப்புக்கு ஒருமுறை துடைத்து, டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கணும். கோடு மறைந்து இடம் ஒரே சீராக மங்கியிருந்தால் இன்னும் நைசான 3000 நம்பர் பேப்பருக்கு மாறலாம்.

மங்கினதைத் திரும்ப மினுக்குவது கொம்பவுண்ட். ரெண்டடிக்கு ரெண்டடி இடத்துக்கு நாலு சொட்டு போதும். கதவு விளிம்பு, பொனட் மடிப்பு, கறுப்பு பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் முதலில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. விளிம்பில் பெயின்ட் மெல்லிசாகத்தான் நிற்கும். வேலை பழகின காலத்தில் ஒரு சிவப்புக் காரின் பொனட் விளிம்பில் சுழல் மெஷினை ஒரு மூச்சு கூடப் பிடித்துவிட்டேன். பிரைமர் எட்டிப் பார்த்தது. பொனட்டைத் திரும்ப அடித்த செலவு என் சம்பளத்தில் கழிந்தது. புதுசாகச் செய்கிறவர்கள் ஆடிச் சுற்றுகிற டியூவல் அக்ஷன் மெஷினை எடுங்க, அல்லது ஸ்பொஞ்சால் கையிலேயே தேயுங்க. தோள் வலிக்கும், பெயின்ட் தப்பும். தகரத்தில் புறங்கையை வைத்துப் பார்த்து, சூடேறினால் வேறு இடத்துக்குப் போங்க.

பிரைமர் தெரிகிற கோட்டுக்கு டச் அப்தான், கோட்டுக்குள் மட்டும் பெயின்டைத் தொட்டு வைப்பது. நிற நம்பர் வண்டியிலேயே தகட்டில் இருக்கும், பெயின்ட் கடையில் அதைச் சொல்லிக் கலந்து வாங்கலாம். பல்குத்தும் குச்சி நுனியால், ஒரே தடவையில் அப்பாமல், மெல்லிசாக நாலைந்து தடவை. தகரம் தெரிந்தால் ஆறப்போட வேண்டாம். நம்ம பனியில் துரு சீக்கிரம் பிடிக்கும்.

கொம்பவுண்டைத் துடைத்து, மெல்லிய பொலிஷ் ஒரு சுற்று, கடைசியில் வெக்ஸ். டீசல் துணியால் துடைத்தால் மினுங்கும் என்று இன்னும் சிலர் செய்கிறார்கள். அடுத்த வளைவுக்குள் தூசியெல்லாம் அதில் வந்து ஒட்டும். வெக்ஸ் போட மூடின இடம் வேணும். பனி மூடின பின்னேரத்தில் வெளியே போட்டால் காயாமல் இழுவிக்கொண்டே இருக்கும். காய்ந்ததா என்று பார்க்க விரலால் ஒரு கோடு இழுங்க. கோடு பளிச்சென்று வந்தால் மைக்ரோபைபர் துணியால் துடைத்து எடுக்கலாம். அதன் பிறகு மழையில் தண்ணி முத்து முத்தாக உருண்டு நிற்கும். அது பரவி வழிய ஆரம்பிக்கிற அன்றைக்குத் திரும்ப வெக்ஸ் போடுங்க. வெக்ஸ் மட்டும், கட் பொலிஷ் இல்லை.