எக்ஸ்பீரியா பிளே போனில் சூப்பர் நின்டெண்டோ கேம் ஆடுவது எப்படி (வட்டப் பட்டன் சிக்கலுக்குத் தீர்வோடு)

சோனி எரிக்சன் எக்ஸ்பீரியா பிளே கையில் கிடைத்ததும் எல்லோரும் முதலில் பிளேஸ்டேஷன் கேம் போடத்தான் பார்க்கிறார்கள். ஆசை நியாயமானது. திரையைத் தள்ளினால் அடியிலிருந்து திசைப் பட்டன், வட்டம், பெருக்கல், சதுரம், முக்கோணம் எல்லாம் வெளியே வருகின்றன. 2011இல் பிளேஸ்டேஷன் சான்றிதழோடு வந்த முதல் போன் இது.

ஆனால் என் கருத்து வேறு. பிளேஸ்டேஷன் கைப்பிடியில் (கன்ட்ரோலர்) தோள் பட்டன்கள், அதாவது மேல் விளிம்பில் ஆள்காட்டி விரலுக்கு எட்டுபவை, நான்கு. இந்தப் போனில் இரண்டுதான். டிவியில் இணைத்து ஆடும் பழைய கேம் இயந்திரமான சூப்பர் நின்டெண்டோவின் கைப்பிடியை எடுத்துப் பாருங்கள்: திசைப் பட்டன், முகப்பில் நான்கு, தோளில் இரண்டு, ஸ்டார்ட், செலக்ட். அப்படியே இந்தப் போனின் அமைப்பு! அதனால் இந்தப் பதிவு முழுக்க சூப்பர் நின்டெண்டோவுக்குத்தான். அதன் கேம்களைப் போனில் ஓட்ட எமுலேட்டர் வேண்டும்; அந்தப் பழைய இயந்திரத்தைப் போலவே நடந்துகொள்ளும் செயலி அது.

வாங்கும்போது

பழைய போன்தான் கிடைக்கும். திரையை இருபது தடவையாவது திறந்து மூடிப் பாருங்கள். திறந்த நிலையில் திரை மினுங்கினாலோ, ஏதாவது பட்டன் விட்டுவிட்டு வேலை செய்தாலோ, உள்ளே மடங்கும் கேபிள் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். வேண்டாம், விட்டுவிடுங்கள்.

பேட்டரி மாடல் பிஎஸ்டி-41, 1500 எம்ஏஎச். எக்ஸ்பீரியா எக்ஸ்10 போனுக்கும் இதேதான், அந்தப் பெயரிலும் தேடலாம். நான் முதலில் வாங்கிய மாற்று பேட்டரி ஒரே மாதத்தில் உப்பி, பின்மூடியைத் தள்ள ஆரம்பித்தது. உப்பிய பேட்டரியை ஒரு நாள்கூடப் போனில் வைத்திருக்காதீர்கள்.

மெமரி கார்டு

உள்சேமிப்பு 400 எம்பிதான். ஆகவே கேம்கள் கார்டில்தான் இருக்க வேண்டும். 32 ஜிபிக்கு மேல் போகாதீர்கள், ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். 64 ஜிபி கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் வரும். இந்தப் போன் அதைப் படிக்காது. கேபிள் வழியாகக் காப்பி செய்வதைவிடக் கார்டைக் கழற்றி ரீடரில் போட்டுவிடுவது எனக்குப் பிடித்த வழி.

எமுலேட்டரை ஏற்றுவது

போனைத் துவக்கியதும் கூகுள் கணக்கு கேட்கும். தவிர்த்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு 2.3.7, அதற்கும் முந்தைய பதிப்புகளில் கணக்கு வழியாக உள்நுழைவதை 2021 செப்டம்பர் 27 முதல் கூகுள் நிறுத்திவிட்டது. இந்தப் போனில் இருப்பது 2.3. சரியான கடவுச்சொல் கொடுத்தாலும் தவறு என்றே சொல்லும். பிளே ஸ்டோரை மறந்துவிடலாம். போனிலுள்ள பிரவுசராலும் இன்றைய தளங்களில் பலவற்றைத் திறக்க முடியாது. எல்லாவற்றையும் கணினியில் இறக்கிக்கொள்ளுங்கள்.

எமுலேட்டரின் ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) முதலில் கார்டில் போட்டுப் பார்த்தேன். அதைத் திறக்கக் கோப்பு மேலாளர் வேண்டும். என் போனில் அது இல்லை. கோப்பு மேலாளரை நிறுவவும் ஓர் ஏபிகேயைத்தான் திறக்க வேண்டும். கடைசியில் கை கொடுத்தது ஏடிபி (adb), அதாவது யுஎஸ்பி கேபிளால் இணைத்த ஆண்ட்ராய்டு போனுக்குக் கணினியிலிருந்து கட்டளை அனுப்பும் கருவி. அமைப்புகளில் அப்ளிகேஷன்ஸ் பகுதிக்குப் போய் 'அறியாத மூலங்கள்' என்பதை அனுமதியுங்கள். அதன் கீழேயே டெவலப்மென்ட் இருக்கும். அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்குங்கள். அப்புறம் கணினியின் கட்டளைச் சாளரத்தில் ஏடிபி, இன்ஸ்டால் என்ற இரண்டு சொற்களையும் ஆங்கிலத்தில் இடைவெளி விட்டுத் தட்டி, ஏபிகேயின் பெயரைக் கொடுத்தால் போதும். 'ஓல்டர் எஸ்டிகே' என்று பிழை வந்தால் நீங்கள் எடுத்தது புதிய பதிப்பு. ஆண்ட்ராய்டு 2.3க்கு ஒத்துப்போகும் பழைய பதிப்பைத் தேடி எடுங்கள்.

வட்டப் பட்டன்

என் இரண்டு வார இறுதிகள் இதில்தான் போயின. முதலில் போட்ட எமுலேட்டரில் ஒவ்வொரு பட்டனாகப் பதிவு செய்துகொண்டே வந்தேன். பெருக்கல் பதிவானது, சதுரமும் முக்கோணமும் பதிவாயின. வட்டத்தை அழுத்தினால் மட்டும் பதிவுத் திரையே மூடிக்கொண்டது. பட்டன் பழுது என்று நினைத்துப் போனைத் திருப்பிக் கொடுக்கவே கிளம்பிவிட்டேன்.

பட்டனில் பழுதில்லை. இந்தப் போனில் வட்டத்தை அழுத்தினால் ஆண்ட்ராய்டுக்குப் போகும் செய்தி 'பேக்'. பெருக்கலுக்குப் போவது திசைப் பட்டனின் நடுப்பகுதிக்கான செய்தி. கைப்பிடியைத் திறந்து வைத்துக்கொண்டே மெனுவில் பெருக்கலால் தேர்ந்தெடுக்கவும் வட்டத்தால் பின்னே போகவும் வசதியாக அப்படி வைத்திருக்கிறார்கள். அதுவரை நல்ல யோசனைதான். உண்மையான பேக் பட்டனிலிருந்து பிரித்துக் காட்ட, வட்டத்தோடு 'ஆல்ட்' அழுத்தியிருப்பதாக ஓர் அடையாளமும் சேர்ந்து போகும். அந்த அடையாளத்தைக் கவனிக்கும் எமுலேட்டர் வட்டத்தைச் சரியாக எடுத்துக்கொள்ளும். கவனிக்காதது ஆட்டத்தின் நடுவிலேயே வெளியேறிவிடும், சேமிக்காத ஆட்டமும் போய்விடும்.

ஆகவே அமைப்புகளில் மணிக்கணக்காக மல்லுக்கட்டாதீர்கள், எமுலேட்டரை மாற்றுங்கள். நான் வைத்திருப்பது ஸ்னெஸ்9எக்ஸ் இஎக்ஸ் பிளஸ். இலவசம், திறந்த மூலம், எக்ஸ்பீரியா பிளேயை மனத்தில் வைத்தே எழுதப்பட்ட ஆதரவும் உண்டு. வட்டத்தைத் தனிப் பட்டனாகவே எடுத்துக்கொள்கிறது.

பதிவு செய்யும்போது எழுத்தைப் பார்க்காதீர்கள், இடத்தைப் பாருங்கள். சூப்பர் நின்டெண்டோவில் ஏ வலப்பக்கம், பி கீழே, எக்ஸ் மேலே, ஒய் இடப்பக்கம். அப்படியானால் வட்டம் ஏ, பெருக்கல் பி, முக்கோணம் எக்ஸ், சதுரம் ஒய். தோள் பட்டன்கள் எல், ஆர். திரையில் வரும் தொடு பட்டன்களை அணைத்துவிடுங்கள்; 4 அங்குலத் திரையில் அவை படத்தை மறைக்கும்.

முதலில் கேம் எதுவும் போடாமல் 240பி டெஸ்ட் சூட் என்ற இலவச சோதனை நிரலை ஏற்றுங்கள். கைப்பிடிச் சோதனை அதில் உண்டு. ஒவ்வொரு பட்டனை அழுத்தும்போதும் திரையில் சரியான பட்டனைக் காட்டினால் வேலை முடிந்தது. கேம்களைப் பொறுத்தவரை, நீங்கள் சொந்தமாக வைத்திருக்கும் கேட்ரிட்ஜிலிருந்து எடுத்தவையோ, ரசிகர்கள் எழுதி இலவசமாக வெளியிடும் ஹோம்ப்ரூவோ போடுங்கள்.

நடுவில் இருக்கும் இரண்டு வட்டத் தொடுபரப்புகள் இதில் தேவைப்படாது. அனலாக் குச்சிக்குப் பதிலாக வைத்தவை. விரலுக்குக் கீழே எதுவும் அசையாததால் எனக்கு அவை பழகவே இல்லை.

பின்சேர்க்கை 1: பெருக்கலும் வட்டமும் இடம் மாறி வேலை செய்கின்றன என்று ஒருவர் கேட்டிருந்தார். அவரிடம் இருப்பது ஜப்பானில் டோகோமோ விற்ற எஸ்ஓ-01டி மாடல். அதில் இரண்டு பட்டன்களின் செய்தியும் மாறித்தான் இருக்கும். இரண்டையும் கையாலேயே மறுபடி பதிவு செய்யச் சொன்னேன், சரியாகிவிட்டது.

பின்சேர்க்கை 2: ஆர்800எக்ஸ் வாங்கலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். அது அமெரிக்காவின் வெரைசன் நிறுவனத்துக்காக வந்த, சிம் கார்டு இல்லாமல் இயங்கும் சிடிஎம்ஏ மாடல். கேம் ஆட மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். சிம் போட்டுப் பேசவும் வேண்டும் என்றால் ஆர்800ஐ (R800i) என்ற மாடலைத் தேடுங்கள்.